தப்புக்குப் பிறகு இரண்டு நொடி

46 வயதில் நான் எழுதிய முதல் விளம்பரத்தை இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. "பேண்ட் தொடங்க ஆட்கள் தேவை" என்று ஆரம்பித்து, எனக்குப் பிடித்த ஒன்பது குழுக்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி, "இவர்களின் இசையில் ஊறியவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்" என்று முடித்திருந்தேன். அந்த 'மட்டும்' எவ்வளவு திமிர்! 22 வருடமாகக் கிடாரைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தவன் விதித்த நிபந்தனை அது. விரல் நுனியில் மறுபடி காய்ப்பு ஏற மூன்று நாலு வாரம் பிடித்தது. அதுவரை இரண்டு பாட்டுக்கு மேல் வாசித்தால் விரல் தீயில் வைத்தது போல எரியும். ஆள் தேடும் வேகத்தில் அதையெல்லாம் விளம்பரத்தில் எழுத மறந்துவிட்டேன்.

இளவயதில் பேண்ட் ஆரம்பிக்க யாரும் இப்படித் தவம் கிடப்பதில்லை. பக்கத்து பெஞ்சுக்காரனிடம் ஒரு கிடார் இருந்தால் போதும், பாதி பேண்ட் தயார். 1976-ல் டப்ளினில் லாரி மல்லன் என்ற 14 வயதுப் பையன் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டினான். அதைப் பார்த்துவிட்டு அவன் வீட்டில் கூடியவர்கள்தான் பிறகு யு2 என்ற புகழ்பெற்ற ராக் குழு ஆனார்கள். அன்று வந்த எல்லோருக்கும் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோருக்கும் பள்ளி மணி ஒரே நேரத்தில் அடித்தது. எங்கள் வயதில் அந்த மணி இல்லை.

சரி, அந்த 'மட்டும்' விளம்பரத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ஆட்கள் வந்தார்கள். ரசனை அப்படியே பொருந்தியது. முதல் நாள் வாசித்ததைவிடப் பேசியதுதான் அதிகம். கிடாருக்கு வந்த பையனுக்கு 24 வயது. கை மின்னல். நான் ஆறு மாதம் முட்டி மோதிய ஒரு பகுதியை ஒருமுறை கேட்டுவிட்டு வாசித்துக் காட்டினான். இரண்டாவது பாட்டில் நான் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) தப்பாகப் பிடித்தேன். அவன் உடனே நிறுத்தினான். தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கிவிட்டு, "அங்கிள், அது மைனர் கார்டு" என்றான்.

அவன் சொன்னது சரிதான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு தப்புக்கும் பாட்டு நின்றது. நின்ற பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். நாலு மாதத்தில் பல பாடல்களின் முதல் ஒரு நிமிடத்தை அற்புதமாக வாசிக்கக் கற்றுக்கொண்டோம். ஒரு பாட்டைக்கூட முடித்ததில்லை. டிரம்ஸ்காரர் பாட்டை நிறுத்தமாட்டார், ஆனால் தப்பு செய்தவர் யார் என்று தலையைத் திருப்பிப் பார்ப்பார். கொஞ்ச நாளில் எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. எங்காவது ஒரு சுரம் இடறினால் போதும், என் கழுத்து தானாகத் திரும்பும். ஒருநாள் பேஸ் கிடார் வாசித்தவரை அப்படிப் பார்த்தேன். அவர் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. பேண்ட் முடிந்துபோனதை நாலு பேரும் தனித்தனியாகத்தான் தெரிந்துகொண்டோம்.

ஏன் ஓடவில்லை என்று வெகுநாள் யோசித்தேன். ரசனை ஒத்துப்போயிற்று, திறமைக்கும் பஞ்சமில்லை (என்னுடையதைக் கழித்துவிட்டுப் பார்த்தால்). நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு பாட்டு போகிறது என்று வையுங்கள். நாலு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்று அதில் சரியாக இரண்டு நொடி. ஒருவர் தப்பினால் மற்றவர்கள் அதற்கு என்ன செய்கிறார்கள் என்பது அந்த இரண்டு நொடிக்குள் தெரிந்துவிடும். நிற்கிறார்களா, முறைக்கிறார்களா, இல்லை தப்பினவர் போன இடத்துக்கே தாங்களும் போய்ச் சேர்கிறார்களா? எங்கள் வயதில் ஆள் தேடுபவர்கள் வேறு எதையும் பார்க்க வேண்டாம், அதை மட்டும் பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. (மறுபடியும் 'மட்டும்'. விடுங்கள்.)

இரண்டாவது விளம்பரத்தில் எந்தக் குழுவின் பெயரும் இல்லை. "வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம். சத்தம் குறைவாக. மேடை ஏறும் அவசரம் இல்லை. நான் தப்பு வாசிப்பேன், நீங்களும் வாசிக்கலாம்." அவ்வளவுதான். முதல் விளம்பரத்துக்கு வந்ததில் பாதி பேர்கூட இதற்கு வரவில்லை.

அதில் ஒருவர், 58 வயதுக்காரர், டிரம்ஸ் வாசிப்பதாகச் சொல்லிவிட்டு ஒரே ஒரு ஸ்நேர் டிரம்மையும் அதைத் தேய்த்து வாசிக்கும் ஒரு ஜோடி பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு வந்தார். "மீதியெல்லாம் வீட்டுல இருக்கு. முதல்ல நமக்குள்ள ஒத்து வருதான்னு பாப்போம், அப்புறம் தூக்கிட்டு வரேன்" என்றார். முழு செட்டை இரண்டு மாடி ஏற்றி இறக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் ஞானம் புரியும்.

மூன்றாவது பாட்டில் சரணம் முடிய இன்னும் ஒரு சுற்று இருக்கும்போதே நான் பல்லவிக்குத் தாவிவிட்டேன். பதற்றத்தில் கை சில்லிட்டுப்போனது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வலது கை பிரஷ் தோலின் மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. இடது கை ஒரே ஒரு தட்டு தட்டியது, கதவைச் சாத்துவது போல. அடுத்த தட்டில் பார்த்தால் அவரும் பல்லவியில் இருக்கிறார். வெளியிலிருந்து கேட்பவருக்கு, பாட்டே அப்படித்தான் அமைந்திருக்கிறது என்று தோன்றியிருக்கும். முடிந்ததும், "மன்னிச்சிருங்கண்ணா, ஒரு சுற்று முன்னாடியே வந்துட்டேன்" என்றேன்.

"எது? நான் கவனிக்கலையே" என்றார். பச்சைப் பொய்.

கச்சேரி கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இது புதிதல்ல. பாடுபவர் எடுப்பை (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) தவறி எடுத்தாலும், நல்ல மிருதங்கக்காரர் அது சபைக்குத் தெரியாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பக்கவாத்தியம் என்ற சொல்லில் உள்ள 'பக்கம்' எனக்கு அன்றுதான் உறைத்தது.

அண்ணாவின் வாசிப்பில் இன்னொன்றும் உண்டு. முழு செட்டுடன் வரத் தொடங்கிய பிறகு கவனித்தேன். ஸ்நேரில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹை-ஹாட்டிலிருந்து (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) வலது கையை எடுத்துவிடுவார். இது சார்லி வாட்ஸின் புகழ்பெற்ற பழக்கம். 1963 முதல் 2021-ல் இறக்கும்வரை ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் வாட்ஸ். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த இடத்தில் ஒரு இடைவெளி விழுகிறது. பாடுபவரின் வார்த்தை அதில் உட்கார்ந்துகொள்கிறது. "மூச்சு விடவாவது இடம் வேணுமில்ல" என்பார் அண்ணா.

பேஸுக்கு மட்டும் ஆளே கிடைக்கவில்லை. எங்கேயுமே கிடைப்பதில்லை. எல்லோரும் கிடார்தான் வாசிக்கிறார்கள். 1961-ல் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் பீட்டில்ஸை விட்டுப் போனபோது பால் மெக்கார்ட்னி பேஸுக்கு மாறியதும் ஆசைப்பட்டு எடுத்த முடிவல்ல. வேறு யாரும் முன்வரவில்லை. எங்களிடம் கிடாருக்கென்று வந்த ஒரு பெண்மணி, 51 வயது, இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே கார்டைப் பிடிச்சுக்கிட்டு என்ன செய்யறோம்? நான் பேஸ் எடுத்துக்கறேன் சார்" என்றார். பேஸில் நாலு தந்தி; கிடாரின் தடித்த நாலு தந்திகளின் அதே சுரங்கள், ஒரு ஸ்தாயி கீழே. ஆகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிரும். அதைக் கேட்கிறோமா, காலால் உணர்கிறோமா என்றே சொல்ல முடியாது. முதல் மூன்று மாதம் அவர் ஒவ்வொரு கார்டுக்கும் அதன் ஆதார சுரத்தை மட்டும் வாசித்தார். வேறு ஒன்றுமே இல்லை. எங்கள் குழு ஒரு குழுவாக ஒலிக்கத் தொடங்கியது அந்த மூன்று மாதத்தில்தான்.

பாடகி விஷயம் கொஞ்சம் சிக்கல். கல்லூரி நாட்களில் ஐந்து கட்டையில் கணீரென்று பாடியவர். இப்போது 49. வயது ஏற ஏறப் பெண் குரலின் சுருதி இறங்கும். அது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் தன் குரலைப் பற்றி அதை ஏற்பது எளிதல்ல. ஒவ்வொரு வாரமும் உச்ச ஸ்தாயி வரும் இடத்தில் இருமல் வந்தது, தொண்டை கட்டியது. "சுருதியை இறக்கலாமா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார் என்றும் தெரியும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று கட்டையில் ஆரம்பித்தேன். கேப்போ (கிடார் கழுத்தில் எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) சுருதியை ஏற்றும், இறக்காது. அதனால் முந்தின நாள் இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் டி வடிவக் கார்டுகளுக்கு மாற்றி, கழுத்தின் இரண்டாவது ஃபிரெட் கட்டத்தில் கேப்போ போட்டு வைத்திருந்தேன். பேஸ் மேடத்துக்கும் ரகசியமாகத் தகவல் போயிருந்தது. பாடகி பாடினார். உச்ச இடம் வந்தது, போனது. முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். "இன்னைக்கு லேசா இருக்கே" என்றார். என் கிடார் கழுத்தில் இருந்த கேப்போவைப் பார்த்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவராகவே, "அந்த இன்னொரு பாட்டையும் கொஞ்சம் இறக்கிப் பாக்கலாமா?" என்றார்.

ஏமாற்று வேலையா அது என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. அண்ணாவின் "நான் கவனிக்கலையே" எந்த வகையோ, இதுவும் அந்த வகை என்று தேற்றிக்கொள்கிறேன்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது, ஏனென்றால் என் இடது காதில் ஒரு ரீங்காரம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. பழைய பேண்டில் அந்த 24 வயதுப் பையன், கிடார் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை ஏற்றினால்தான் அதன் உண்மையான டோன் வரும் என்பான். வால்வு ஆம்புகளைப் பொறுத்தவரை அதிலும் நியாயம் உண்டு. ஆனால் கணக்கு வேறு மாதிரி. அமெரிக்காவின் நியாஷ் என்ற பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் 15 நிமிடம். சின்ன அறையில் முழு வீச்சில் அடிக்கும் டிரம்ஸ் 100-ஐச் சாதாரணமாகத் தொடும். அதாவது இரண்டு மணி நேர ரிகர்சலில் காதின் அன்றையப் பங்கு இரண்டு மூன்று பாட்டிலேயே தீர்ந்துவிடும். போன காது திரும்பி வராது. இப்போது எல்லோரும் காதடைப்பான் போடுகிறோம். பஞ்சு அல்ல, இசைக்காரர்களுக்கென்றே இருப்பது, கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதிவரை ஒரே அளவில் குறைத்துக் கொடுக்கும். அப்புறம் ஒரு விதி வைத்திருக்கிறோம். பாடகியின் வார்த்தை புரியவில்லை என்றால் அவர் ஒலிவாங்கியை ஏற்றக்கூடாது, மற்ற மூவரும் இறங்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத ஆளை வைத்துக்கொண்டு இந்த வயதில் பேண்ட் நடத்த முடியாது.

நாட்காட்டி இன்னொரு எதிரி. ஒருவருக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும், ஒருவருக்கு மகள் தேர்வு, ஒருவருக்கு வேலை இடமாற்றம் தலைக்குமேல் தொங்குகிறது. ஒருநாள் கடுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவரும் நாலு வாரத்துக்கு மூன்று வாரம் வரக்கூடியவர் என்றே வைத்துக்கொள்வோம், நல்ல வருகைதான். முக்காலை நாலு முறை பெருக்கினால் 0.31 சொச்சம். அதாவது நாலு பேரும் ஒன்றாகக் கூடுவது மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். ஆறு பேர் என்றால் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் இரண்டு முடிவு எடுத்தோம்: ஐந்தாவது ஆள் வேண்டாம், மூன்று பேர் வந்தாலும், இரண்டு பேர் வந்தாலும் ரிகர்சல் உண்டு. நானும் பேஸ் மேடமும் மட்டும் இருந்து, ஒரே பாட்டின் பல்லவியை ஒரு மணி நேரம் தேய்த்த நாட்கள் உண்டு.

வர முடியாதவர் வீடியோ அழைப்பில் சேர்ந்துகொள்ளலாமே என்று ஒருமுறை முயன்றோம். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும். பத்து மீட்டர் தள்ளி நின்று வாசித்தால் 30 மில்லிநொடி. அந்த அளவுக்கு மேல் போனாலே சேர்ந்து வாசிப்பது தள்ளாட ஆரம்பிக்கும். வீடியோ அழைப்பின் தாமதம் அதைப்போல பல மடங்கு. நான் அவருக்காகக் காத்தேன், அவர் எனக்காகக் காத்தார். பாட்டு மெல்ல மெல்லத் தளர்ந்து ஒரு இடத்தில் படுத்தேவிட்டது. சிரித்துவிட்டு அணைத்தோம்.

ஐந்தாவது ஆள் வேண்டாம் என்று சுலபமாக எழுதிவிட்டேன். உண்மையில் ஒருவர் வந்திருந்தார். கீபோர்டு. எங்கள் எல்லோரையும்விட நல்ல இசைக்காரர். மாதம் ஒரு மேடையாவது வேண்டும் என்றார். புதுப் பாட்டு, ஒலிப்பதிவு, சீருடை என்று திட்டங்கள் வைத்திருந்தார். எதுவும் தப்பில்லை, நாங்கள் அதற்காகக் கூடவில்லை, அவ்வளவுதான். அவரை நான் நடத்திய விதம்தான் தப்பு. 'ஒத்துவரவில்லை' என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் துணிவில்லாமல், ரிகர்சல் நேரத்தை அவருக்குத் தெரிவிப்பதை மெதுவாக நிறுத்தினேன். பழைய பேண்டில் யாருமே எதுவும் எழுதாமல் முடிந்துபோனதே, அதே வேலை. ஆறு மாதம் கழித்து அவர் என்னிடம் நேரில் கேட்டார், "சொல்லியிருக்கலாமே சார்?" என்று. பதில் இல்லை என்னிடம்.

திறமையைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள் என்பது நம் நினைப்பு. பிரிட்டனின் குயீன் ராக் குழு பல பேஸ் வாசிப்பாளர்களை முயன்றுபார்த்த பிறகு 1971-ல் ஜான் டீக்கன் என்ற 19 வயது மாணவரை எடுத்தது. நன்றாக வாசித்தார், உண்மை. அமைதியான ஆள், தங்களுக்கிடையில் பெரிய உரசல் இல்லாமல் பொருந்துவார் என்பதும், மின்னணுச் சாதனங்களில் கெட்டிக்காரர் என்பதும் காரணங்களில் சேர்த்தி என்று பிறகு அவர்களே சொன்னார்கள். 1991-ல் அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இறக்கும்வரை அந்த நாலு பேரும் மாறவே இல்லை.

இன்னொருவரைப் பற்றியும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கியூபாவின் பாடகர் கொம்பாய் செகுண்டோ 1907-ல் பிறந்தவர். சுருட்டுத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவர். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 1996-ல் ஹவானாவில் நடந்த ஒரு ஒலிப்பதிவுக்குப் பிறகுதான். அப்போது 88 வயது. அவர் பெயரில் உள்ள 'செகுண்டோ' என்றால் இரண்டாவது. இருவர் பாடும்போது எப்போதும் இரண்டாம் குரலைப் பாடியதால் வந்த பெயர். நான் இந்தக் குழுவை ஆரம்பித்தது முன்னால் நின்று பாட வேண்டும் என்ற ஆசையில். இப்போது பாடகிக்கு ஒரு மூன்றாம் சுரம் கீழே, பாதி ஒலியில், சில வரிகளை மட்டும் சேர்ந்து பாடுகிறேன். அந்த வரிகள் வருவதற்கு முன்னால் எனக்கு இன்னமும் வயிற்றில் ஏதோ செய்யும்.

போன மாதம் முதன்முறையாக வெளி ஆட்கள் முன் வாசித்தோம். ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி, பதினாறு பேர், ஆறு பாட்டு. மூன்றாவது பாட்டில் அண்ணா கணக்கைத் தவறவிட்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. பாடகி கடைசி வார்த்தையை ஒரு சுற்று நீட்டிப் பிடித்தார். பேஸ் மேடம் ஆதார சுரத்திலேயே நின்றார், சுவர் மாதிரி. நான் என்ன செய்தேன்? கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தேன். இத்தனை பேசியும், இத்தனை எழுதியும், திரும்பிவிட்டது. அவரும் என்னைப் பார்த்தார். அடுத்த தட்டில் நாலு பேரும் சேர்ந்துவிட்டோம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

அடுத்த ரிகர்சலுக்கு அவர்தான் முதலில் வந்திருந்தார். ஸ்நேரின் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே, நிமிராமல், "மூணாவது பாட்டுலேர்ந்து ஆரம்பிப்போம். நீ கண்ணை மூடிக்கிட்டு வாசி" என்றார்.